வீட்டுக்குன்னு வளர்த்த கிடாவ நாமளே அறுக்கறது – முதல் தடவ, எங்கெல்லாம் சொதப்பும்?

புதுக்கொட்டில்

வணக்கம். ரொம்ப நாளா ஓரமா உக்காந்து படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் எழுதறேன். வீட்டுக்குப் பின்னாடி கால் ஏக்கர் சும்மா கிடந்துச்சு, ரெண்டு வெள்ளாட்டுக் கிடாக்குட்டி வாங்கி விட்டிருக்கேன், 4 மாசக் குட்டிங்க, ஆளுக்கு 14, 15 கிலோ இருக்கும். கூட 12 கறிக்கோழி. வீட்டுக்கு வேணுங்கற கறிய நாமளே வளர்த்து நாமளே அறுத்துக்கணும், அவ்ளோதான் ஆசை, விக்கற எண்ணமெல்லாம் இல்ல.

பிரச்சன என்னன்னா நான் இதுவரைக்கும் ஒரு கோழி கூட அறுத்ததில்ல. வீடியோல 5 நிமிஷத்துல முடிச்சுடறான், அதப் பாத்துதான் பயமே வந்துச்சு. எப்ப அறுக்கணும், என்னென்ன சாமான் வேணும், எங்க சொதப்பும்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. இன்னொண்ணு, 7 வயசுப் பொண்ணு இருக்கா, ஒரு குட்டிக்குப் பஞ்சுன்னு பேர் வச்சுட்டா. அது வேற வயித்தக் கலக்குது.

பட்டிக்காரன்

முதல்ல ஒண்ணு, ரெண்டு வாங்கினது தப்பு தம்பி. ஒண்ண அறுத்தா இன்னொண்ணு ஒத்தையா நிக்கும். ஆடு ஒத்தையா நிக்காது, கத்தியே எளச்சுப் போகும். மூணா வாங்கணும், இல்ல ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கணும். இன்னும் ஒண்ணு வாங்கிப் போடுங்க.

புதுக்கொட்டில்

ரெண்டுக்கே வீட்ல பேச்சு வாங்கிட்டு இருக்கேன்ணே 😅 பாத்துக்கலாம்.

கத்திசாணை

கறிக்கடைல 20 வருஷம் நின்னவன், இப்ப வீட்டுக்கு மட்டும் வளக்கறேன். நீளமா எழுதப் போறேன், பொறுமையா படிங்க.

எல்லாரும் அறுக்கற அந்த ஒரு நிமிஷத்தப் பத்தியே கேக்கறாங்க. கறி நல்லா வருமா கெட்டுப் போகுமாங்கறது பாதி முந்தின நாளே முடிவாயிடும். ஓடவிட்டுப் புடிச்சு, கொம்பப் புடிச்சு இழுத்து, ரெண்டு பேர் சத்தம் போட்டு அமுக்கி, அப்புறம் அறுக்கறீங்கன்னு வைங்க, அந்த ஆட்டோட தசைல இருக்கற சர்க்கரச் சத்தெல்லாம் அங்கயே எரிஞ்சு போச்சு. செத்தப்புறம் அந்தச் சத்துதான் அமிலமா மாறி கறியோட பிஎச்ச (அமிலம் கூடக் கூட எறங்கற அளவு) 7 கிட்ட இருந்து 5.5, 5.6க்கு எறக்கணும். அது இல்லன்னா எறங்காது, கறி கருத்து, பிசுபிசுன்னு, ரெண்டு நாள்ல நாத்தம் அடிக்கும். கடைல இருக்கும்போது ராத்திரி பூரா வண்டில நின்னு வந்த ஆட்டத் தொட்டாலே சொல்லிடுவேன் இது அப்படித்தான்னு.

அதனால நான் பண்றது இதுதான். எந்த எடத்துல அறுக்கப் போறேனோ அந்த எடத்துலயே ஒரு வாரம் முன்னாடி இருந்து தினம் வாளில தீவனம் வைப்பேன். வாளி சத்தம் கேட்டாலே அதுவே நடந்து வந்துரும். கடைசி நாள் வாளி இருக்கும், தீவனம் இருக்காது, அவ்ளோதான் வித்தியாசம். கயிறே தேவப்படாது.

முந்தின நாள்ல இருந்து, 12 மணி நேரமாவது, தீவனம் கிடையாது. தண்ணி மட்டும் கடைசி வரைக்கும் வைங்க, அதக் கட் பண்ணாதீங்க. வயிறு நெறைஞ்ச ஆட்டோட இரைப்பை ஒரு பெரிய மூட்ட மாதிரி, கத்தி முனை லேசா பட்டாலும் பொத்துக்கும், பச்சப் புழுக்க நாத்தத்தோட கறி மேல ஊத்தும். தண்ணி குடிச்ச ஆடு தோலும் சுலபமா உரியும்.

கத்தி ரெண்டு போதும். 6 இஞ்ச்ல நேரா ஒண்ணு, தோல் உரிக்க வளைஞ்சது ஒண்ணு. ஆனா சாணை? அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. முடில கத்தி பட்டா மொன மழுங்கிடும், அதனால தோல்ல முதல் கீறல் போட்டதும் உள்ள இருந்து வெளிய பாத்துதான் அறுக்கணும், வெளிய இருந்து முடி மேல வச்சு அறுக்கக் கூடாது. பக்கத்துல ஒரு பாத்திரத்துல கொதிச்ச தண்ணி, 82 டிகிரிக்குக் கொறையாம, அப்பப்ப கத்திய முக்கி எடுங்க.

கூண்டுமுயல்

முயல் வளருங்க ப்ரோ, ஆடெல்லாம் பெரிய வேல. 31 நாள்ல குட்டி, பத்துப் பன்னெண்டு வாரத்துல கறி, உரிக்க சட்ட கழட்டற மாதிரி 5 நிமிஷம்.

பட்டிக்காரன்

எந்தப் பதிவுக்குப் போனாலும் முயலோட வந்துர்றியேப்பா.

வெள்ளாட்டக்கா

பேர் வைக்கறதப் பத்தி. என் பசங்க சின்னதா இருக்கும்போது நான் ஒரு தப்பு பண்ணேன். ராத்திரியோட ராத்திரியா அறுத்துட்டு, காலைல கேட்டப்ப வேற பண்ணைக்குக் குடுத்துட்டோம்னு பொய் சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சு பெரியவன் ஃப்ரீசர்ல கவர் மேல நான் எழுதி வச்ச தேதியப் படிச்சுட்டான். அழல. எங்கிட்ட ஒரு வாரம் பேசல. அதுக்கப்புறம் எல்லாக் குட்டிக்கும் முதல் நாளே சொல்லிடுவேன், இது பாலுக்கு, இது கறிக்குன்னு. பேர் வைக்கறது அவங்க இஷ்டம். வச்சாங்க. அறுக்கற அன்னிக்குப் பாக்கணும்னா பாக்கலாம், வேணாம்னா உள்ள இருக்கலாம், கட்டாயம் கிடையாது. சின்னவ 9 வயசுல வந்து தோல் உரிக்கக் கால் புடிச்சா. பெரியவன் இன்னி வரைக்கும் வெளிய வர்றதில்ல, கறி மட்டும் சாப்பிடுவான் 🙂

புதுக்கொட்டில் தம்பி, இப்ப அறுக்கறதப் பத்தி யோசிக்காதீங்க, 15 கிலோவ 25 ஆக்கற வழியப் பாருங்க. ஒரு நாளைக்கு 80, 100 கிராம் ஏறினாலே நல்ல வளர்ச்சி, அதுக்கே இன்னும் 4 மாசம் ஆகும். ஒரே கால் ஏக்கர்ல விட்டுட்டே இருந்தா புழு ஏறும். கீழ் இமையத் தள்ளி உள்பக்கம் பாருங்க, நல்ல செவப்பா இருக்கணும். வெளுத்து வெள்ளையா இருந்தா ரத்தம் குடிக்கற வயித்துப்புழு. தாடைக்குக் கீழ நீர் கோத்துத் தொங்கினா ரொம்ப முத்திருச்சுன்னு அர்த்தம். எடத்த நாலாப் பிரிச்சு மாத்தி மாத்தி விடுங்க, புல்ல மண்ணோட மண்ணா மேய விடாதீங்க, புழுக்குஞ்செல்லாம் அடித்தண்டுலதான் இருக்கும்.

மாட்டுவைத்தியர்

அக்கா சொன்ன இமை சோதனைய ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது பண்ணுங்க. எல்லா ஆட்டுக்கும் மாசாமாசம் மருந்து ஊத்தற பழக்கம் வேணாம், வெளுத்ததுக்கு மட்டும் குடுங்க. எல்லாத்துக்கும் ஊத்தினா மருந்துக்குச் சாகாத புழுவத்தான் நீங்க பொறுக்கி எடுத்து வளக்கறீங்க.

குடல்புழு மருந்தோ ஆன்டிபயாடிக்கோ எது போட்டாலும் பாட்டில்ல கறிக்கு இத்தன நாள் கழிச்சுன்னு போட்டிருக்கும், அந்த நாள் கணக்கு தாண்டாம அறுக்காதீங்க. ஆட்டுக்குன்னு எழுதாத மருந்த ஆட்டுக்குப் போட்டா அந்தக் கணக்கு பொருந்தாது, போட்ட டாக்டர்கிட்டயே கேளுங்க. ஒரு நோட்டுல தேதி எழுதி வைங்க, ஞாபகத்த நம்பாதீங்க.

எடை ஏத்தறேன்னு திடீர்னு தானியத்தக் கொட்டாதீங்க. ரெண்டு வாரமாவது எடுத்து, கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். இல்லன்னா வயித்துல அமிலம் ஏறிப் படுத்துரும், இல்ல துள்ளுமாரி வரும், குடல்ல கிருமி பெருகி விஷம் ஏறற நோய். துள்ளுமாரில சாகறது எப்பவும் நல்லாக் கொழுத்த குட்டிதான், சாயங்காலம் நல்லா இருக்கும் காலைல செத்துக் கெடக்கும். தடுப்பூசி இருக்கு, ரெண்டு டோஸ், நடுவுல 3, 4 வாரம்.

அப்புறம் முக்கியமானது. ராத்திரி நல்லா இருந்து காலைல திடீர்னு செத்துக் கெடக்கற எந்தக் கால்நடையையும், கறியாவது மிஞ்சட்டும்னு அறுக்காதீங்க. மூக்கு, ஆசன வாய்ல உறையாத கருத்த ரத்தம் கசிஞ்சா அடைப்பானா (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். உடம்பத் தொறந்தா கிருமி காத்து பட்டு வித்தாகிடும், அந்த வித்து மண்ணுல பத்து இருபது வருஷத்துக்கு மேல கெடக்கும். அது மனுஷனுக்கும் வரும். தொடாம வச்சுட்டு டாக்டரக் கூப்பிடுங்க. துள்ளுமாரின்னு நீங்களா முடிவு பண்ணிக்கவும் வேணாம்.

சின்னப்பண்ணை

மாட்டுத் தாது உப்பு மிச்சம் இருக்குன்னு செம்மறிக்கு வச்சு ரெண்டு போச்சு எனக்கு. அதுல இருக்கற தாமிரம் செம்மறிக்கு விஷம், ஈரல்ல சேந்துட்டே இருந்து ஒரு நாள் மொத்தமா கொல்லும். வெள்ளாடு கொஞ்சம் தாங்கும். ரெண்டும் சேத்து வளக்கறவங்க பாத்துக்கோங்க.

புதுக்கொட்டில்

யப்பா. நோட்டு போட்டுட்டேன். கோழி 6 வாரம் ஆச்சு, ஒண்ணு ரெண்டு நடக்கவே மாட்டேங்குது, உக்காந்துட்டே திங்குது. நோயா?

வெள்ளாட்டக்கா

நோய் இல்ல, அந்த ரகமே அப்படித்தான். காலும் நெஞ்சும் தாங்காத வேகத்துல ஒடம்பு ஏறும். ராத்திரி தீவனத்த எடுத்துடணும், 24 மணி நேரமும் வச்சா இப்படித்தான் ஆகும். 7, 8 வாரத்துக்கு மேல வச்சுருந்தா ஒண்ணொண்ணா நெஞ்சடச்சு மல்லாக்க விழும். நடக்காதத முதல்ல முடிச்சுடுங்க, கஷ்டப்படுது. ஆட்டுக்கு முன்னாடி கையும் பழகும்.

கத்திசாணை

கோழிக்குக் கூம்பு ஒண்ணு செஞ்சுக்கோங்க, தகரத்துலயோ, அடி வெட்டின பிளாஸ்டிக் கேன்லயோ. தலைகீழா விட்டா தல மட்டும் வெளிய வரும், றெக்க அடிக்காது, எலும்பு ஒடையாது, கறில ரத்தம் கட்டாது. தாடைக்குப் பின்னாடி பக்கவாட்டுல ரத்தக்குழாய மட்டும் அறுங்க, மூச்சுக்குழாய விட்டுடுங்க. ரெண்டு நிமிஷம் வடியணும். அப்புறம் 60ல இருந்து 65 டிகிரி தண்ணில முக்கால் நிமிஷம், ஒரு நிமிஷம். கொதிக்கற தண்ணில போட்டா தோல் வெந்து எறகோட கிழிஞ்சு வரும், முதல் தடவ எல்லாரும் இதப் பண்ணுவாங்க, நீங்களும் பண்ணுவீங்க. றெக்க எறகு தன்னால வந்தா எடுத்துடலாம்னு அர்த்தம்.

புதுக்கொட்டில்

பண்ணேன் 🙁 முதல் மூணும் தோல் இல்லாத கோழி. நாலாவதுல இருந்து தெர்மாமீட்டர் போட்டேன், சரியா வந்துச்சு. முதல் கோழிக்கு மட்டும் கை நடுங்கிடுச்சு, ரெண்டு தடவ அறுக்க வேண்டியதாப் போச்சு. அது மனசுலயே நிக்குது.

பட்டிக்காரன்

நிக்கட்டும். எனக்கு இன்னும் நிக்குது.

சின்னப்பண்ணை

ஒரு சண்டைய இழுக்கறேன், மன்னிக்கணும். மயக்காம ஆட்டக் கழுத்தறுக்கறது இந்தக் காலத்துல தேவையா? போல்ட் துப்பாக்கி இருக்கே, மண்டைல இரும்புக் கம்பிய எறக்கி நெனவப் போக வைக்கறது.

கத்திசாணை

தப்பே இல்ல, ஆனா எங்க வைக்கணும்னு தெரியாம வச்சா கத்திய விடக் கொடும. கொம்பு இருக்கற வெள்ளாட்டுக்கு நெத்தில வைக்கக் கூடாது, பின்மண்டைல, கொம்புக்குப் பின்னாடி வச்சு தாடையப் பாத்து அடிக்கணும். அப்படி அடிச்சா 15 செகண்டுக்குள்ள ரத்தக்குழாய அறுத்துடணும், லேட்டானா முழிச்சுக்கும். சரியா அடிச்சா அந்த நொடியே உணர்வு போயிரும், அதுல எனக்கு மறுப்பே இல்ல.

கத்தியாலன்னா, நல்ல சாணை, தாடைக்கடில ஒரே இழுப்பு, ரெண்டு பக்கமும் போகணும். ஆடு செம்மறிக்குப் பத்து இருபது செகண்டுல நெனவு போயிரும், மாட்டுக்கு அப்படி இல்ல, பின்பக்கமா மூளைக்கு ரத்தம் போற வழி இன்னொண்ணு இருக்கு, ரொம்ப நேரம் இழுக்கும். மாட்டயெல்லாம் வீட்ல கத்தியோட ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீங்க. கால் ஒதைக்கறதப் பாத்து உயிர் இருக்குன்னு பயப்படாதீங்க, கண்ணு முழிய வெரலால தொடுங்க, சிமிட்டினா உயிர் இருக்கு. சிமிட்டாம, மூச்சு இல்லாம இருந்தாதான் அடுத்த வேல.

சின்னப்பண்ணை

சரி, ஒத்துக்கறேன். இன்னொரு ஆட்டுக்கு முன்னாடி அறுக்கலாமா, கூடாதா?

மாட்டுவைத்தியர்

அமெரிக்கால டெம்பிள் கிராண்டின்னு ஒரு அம்மா, கால்நடைய நடத்திட்டுப் போற பாதைங்கள வடிவமைச்சவங்க. மாடு கறிக்கூடத்துலயும், ஊசி போடற கூண்டுலயும் பயப்படறது ஒரே விஷயங்களுக்குத்தான்னு அவங்க சொல்றாங்க. தொங்கற சங்கிலி, தண்ணில மின்னற வெளிச்சம், தரைல திடீர் நெழல், சத்தம், புது எடம். சாவப் பத்தின பயத்த விட இதுதான் பெருசு. ஆட்டுக்குத் தனியா இழுத்துட்டுப் போறதே பெரிய பயம். அதனால கடைசி வரைக்கும் கூட்டாளி பக்கத்துல நிக்கட்டும். அறுக்கறப்ப ஒரு தட்டி மறைப்பு வச்சா போதும்.

பட்டிக்காரன்

நான் மறைப்பெல்லாம் வைக்கறதில்ல, பக்கத்து ஆடு தழைய மென்னுட்டு நிக்கும். ஆனா நான் பாத்ததுல ஒண்ணு ரெண்டு திரும்பிக்கும். என்ன நெனைக்குதோ.

புதுக்கொட்டில்

எல்லாரும் ஞாபகம் வச்சிருக்கீங்களா தெரியல, 4 மாசம் ஆச்சு. சனிக்கிழம பஞ்சுவ அறுத்துட்டோம். 26 கிலோ. நடந்தத அப்படியே எழுதறேன், வர்றவங்களுக்கு உதவும்.

வாளி வேல செஞ்சுச்சு அண்ணே, ஒரு வாரம் பழக்கினேன், அன்னிக்கு அதுவே வந்து நின்னு வாளில மூக்க விட்டுச்சு. முந்தின நாள் சாயங்காலம் தீவனம் நிறுத்தினேன். விடியக்காலைல, வெயில் ஏறி ஈ வர்றதுக்கு முன்னாடி. வீட்டு நெலமைக்கு போல்ட் கெடைக்கல, கத்திதான், மச்சான் புடிச்சுக்கிட்டார். ஒரே இழுப்புல முடிஞ்சுது. எண்ணிட்டே இருந்தேன், 12 எண்ணறதுக்குள்ள தல சாஞ்சுது. கண்ணத் தொட்டேன், அசையல. அதுக்கப்புறம் கால் ஒரு நிமிஷம் ஒதச்சுது, நீங்க சொல்லாம இருந்திருந்தா நான் ஓடியிருப்பேன்.

பின்னங்கால் குதிநரம்புக்கும் எலும்புக்கும் நடுவுல கீறி கொக்கில மாட்டி உத்தரத்துல தொங்கவிட்டோம். தோல் உரிக்கறதுக்குத்தான் நேரம் போச்சு. கத்தியால ரெண்டு எடத்துல ஓட்ட போட்டுட்டேன். அப்புறம் மச்சான் சொன்னார் கைய முஷ்டியா மடக்கி, தோலுக்கும் சவ்வுக்கும் நடுவுல விட்டுத் தள்ளுன்னு. சூடா, ஈரமா, சர்ருனு பிரிஞ்சு வருது, கத்தியே வேணாம். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. முடி பட்ட கையால கறியத் தொடாதேன்னும் மச்சான் சொல்லியிருந்தார், அத மறந்து தொட்டுட்டேன், தொடைல அங்கங்க முடி. கடைசி வரைக்கும் பொறுக்கிட்டு இருந்தோம்.

ஆசன வாயச் சுத்தி அறுத்து இழுத்து நூல் போட்டுக் கட்டினேன். கழுத்துப் பக்கம் உணவுக்குழாயயும் கட்டினேன். வயித்தத் தொறக்கறப்ப ரெண்டு வெரல உள்ள விட்டு கத்தி முனை வெளிய பாக்கற மாதிரி கொண்டு வந்தேன், குடலு இரைப்பையெல்லாம் ஒரு பொட்டணமா எறங்கி வந்துச்சு, ஒண்ணும் பொத்துக்கல. பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமைல பித்தப்பைய ஈரல்ல இருந்து பிக்கறப்ப நசுக்கிட்டேன். ஈரல்ல பாதி பச்சையாச்சு.

தண்ணி விட்டுக் கழுவிட்டேன். சரியா?

கத்திசாணை

வெட்டி எறிஞ்சிருக்கணும். பித்தமோ சாணியோ கறில பட்டா அந்த எடத்தக் கத்தியால செதுக்கி எடுத்துடணும். கழுவினா நாலு எடத்துக்குப் பரவும், ஈரம் வேற நிக்கும். மத்தபடி முதல் தடவைக்கு ரொம்ப நல்லாப் பண்ணியிருக்கீங்க. பித்தப்பைய குழாய்ப் பக்கம் ரெண்டு வெரலால கிள்ளிப் புடிச்சுட்டு ஈரலோட ஒரு விரக்கட சேத்தே அறுத்து எடுங்க, கஞ்சத்தனம் பாக்காதீங்க.

மாட்டுவைத்தியர்

ஈரல், நுரையீரல்ல வெள்ளப் புள்ளி, நீர் நெறஞ்ச கொப்புளம் எதுவும் இருந்துச்சா? இருந்தா ஒரு போட்டோ போடுங்க. கொப்புளம் இருக்கற ஈரலையோ நுரையீரலையோ நாய்க்குப் போடவே கூடாது. அது நாடாப்புழுவோட கட்டி, நாய் வயித்துல போய்ப் புழுவாகும், நாய்ப் பீல முட்டையா வெளிய வரும், அது கொழந்தைங்க கை வழியா வாய்க்குப் போனா அவங்க ஈரல்ல இதே கட்டி வளரும். வேக வச்சோ ஆழமாப் பொதச்சோ முடிங்க.

புதுக்கொட்டில்

சுத்தமா இருந்துச்சு சார், ஒரு புள்ளி இல்ல. நுரையீரல ஏற்கனவே பொதச்சுட்டேன்.

தோல், தல, குடல் எல்லாம் போக 12 கிலோ தொங்குச்சு. எலும்பு போனா 8 தான் தேறும் போல. வீட்ல 26 கிலோ ஆட்டுல 18 கிலோ எங்க போச்சுன்னு கேக்கறாங்க.

பட்டிக்காரன்

வெள்ளாட்டுல பாதிக்குப் பாதி வந்தாலே நல்ல ஆடு. பன்னி வளத்தா நூத்துக்கு எழுவது தேறும், தோலோட சேத்துதான எட. வீட்ல அதச் சொல்லாதீங்க, பன்னி வாங்கச் சொல்லுவாங்க.

புதுக்கொட்டில்

ஒரு சந்தேகம். மதியமே ஒரு துண்டு சமைச்சோம், செருப்பு மாதிரி இருந்துச்சு. ஆடு 8 மாசம்தான். நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?

கத்திசாணை

எத்தன மணி நேரம் கழிச்சு சமைச்சீங்க?

புதுக்கொட்டில்

6, 7 மணி நேரம் இருக்கும். நடுவுல வேகமா ஆறட்டும்னு ஐஸ் பெட்டில அமுக்கி வச்சிருந்தேன்.

கத்திசாணை

ரெண்டு தப்பும் ஒண்ணா நடந்திருக்கு. செத்து சில மணி நேரத்துல தசை வெறச்சுக்கும், அந்த வெறப்பு நேரத்துல சமைச்சா எவ்ளோ வேக வச்சாலும் ரப்பர்தான். அது போக வெறைக்கறதுக்கு முன்னாடியே ஐஸ்ல போட்டா, அதாவது முதல் 10 மணி நேரத்துக்குள்ள 10 டிகிரிக்குக் கீழ கொண்டு போனா, நார் சுருங்கி நின்னுடும், அப்புறம் வெறப்பு எறங்கினாலும் முழுசா எளகாது. மெலிஞ்ச வெள்ளாட்டுல கொழுப்புப் போர்வ கெடையாது, அதனால சட்டுனு குளுந்துரும். நிழலான, காத்தோட்டமான எடத்துல துணி மூடி சில மணி நேரம் தொங்கவிட்டு, அப்புறம் குளுமைக்கு மாத்துங்க. ஈ வராம பாத்துக்கோங்க, ரொம்ப வெயில் காலம்னா தொங்கப் போடற நேரத்தக் கொறைங்க, கெட்டுப் போறதுக்கு முரட்டுக் கறி பரவால்ல. ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல இருந்தப்புறம் சமைங்க. மிச்சம் இருக்கறத இன்னிக்கு எடுத்துப் பாத்துட்டு சொல்லுங்க.

கோழிக்கு இந்தக் கணக்கு வேற, அத உடனே 4 டிகிரிக்குக் கொண்டு போயிடணும், 4 மணி நேரத்துக்குள்ள. ஆனா அதையும் ஒரு நாள் ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டுதான் சமைக்கணும்.

புதுக்கொட்டில்

இன்னிக்கு ஒரு தொடை எடுத்தோம், எவ்வளவோ பரவால்ல. தொடைக்கு உள்பக்கம் மட்டும் கொஞ்சம் இழுக்குது.

பொண்ணப் பத்தி அக்கா கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டேன். அன்னிக்குக் காலைல வாளிய அவளே தூக்கிட்டு வந்து வச்சுட்டு உள்ள போயிட்டா. கறி சாப்பிடல, இன்னும்.

வெள்ளாட்டக்கா

விடுங்க. கேக்காதீங்க, ஊட்டாதீங்க. இன்னொரு கிடா எப்படி இருக்கு?

புதுக்கொட்டில்

அதச் சொல்லத்தான் வந்தேன். மூணு ராத்திரியா கத்துது அக்கா. தீவனம் பாதிதான் எடுக்குது, வேலிய முட்டிட்டு பஞ்சு நின்ன எடத்துலயே நிக்குது. பக்கத்து வீட்டுக்காரங்க கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

பட்டிக்காரன்

மூணா வாங்குங்கன்னு சொன்னேன்ல.

நாளைக்கே ஒரு குட்டியக் கொண்டாந்து விடுங்க. புதுக்குட்டிய ரெண்டு வாரம் தனியாக் கட்டி நோய் இருக்கா பாத்துட்டுதான் சேக்கணும், ஆனா நல்லாத் தள்ளி கண்ணுல படற மாதிரி கட்டுங்க, அதுக்கே அமைதியாயிரும். அது வரைக்கும் ராத்திரில கொட்டில் பக்கத்துல ஒரு கட்டிலப் போட்டுப் படுங்க, வேற வழி இல்ல.

புதுக்கொட்டில்

பொண்ணு ஏற்கனவே அங்கதான் போர்வையோட உக்காந்திருக்கா அண்ணே.